பத்து டாலர் கேசட்: ஹூஸ்டனின் அண்டர்கிரவுண்ட் ராப், ஓர் அறிமுகம்

பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் டேப் ரெக்கார்டரில் பாட்டு என்ன பாடுபடும் என்பதை எண்பது, தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாடகியின் குரல் மெல்ல மெல்லத் தடித்து ஆண் குரலாகிவிடும். தபேலா சேற்றில் கால் வைத்து நடப்பதுபோல இழுக்கும். உடனே யாராவது பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி மொட்டை மாடி வெயிலில் காயவைப்பார்கள். இன்னும் இரண்டு பாட்டுக்கு உயிர் வரும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகரத்தில் ஒருவர் இதே இழுவையை வேண்டுமென்றே உண்டாக்கி, கேசட்டில் பதிந்து, பத்து டாலருக்கு விற்றார். வாங்குவதற்கு அவர் வீட்டு வாசலில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அவர் பெயர் டீஜே ஸ்க்ரூ. ரேடியோவின் தயவு இல்லை, பெரிய கம்பெனியின் ஒப்பந்தமும் இல்லை. ஆனாலும் இன்று யூடியூபில் நம் சினிமாப் பாட்டுகளை மெதுவாக்கி, எதிரொலி சேர்த்து 'ஸ்லோடு அண்ட் ரிவெர்ப்' என்று போடுகிறார்களே, நள்ளிரவில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்பதற்கென்றே, அந்த வகைக்கு இவர்தான் தாத்தா. பேரன்கள் பலருக்குத் தாத்தா பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

'அண்டர்கிரவுண்ட் ராப்' என்றால் என்ன, அதிலும் அமெரிக்கத் தெற்கின் அண்டர்கிரவுண்ட் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இவரிடமிருந்துதான் ஆரம்பிப்பேன். ஸ்க்ரூ எப்போதாவது மைக் பிடித்திருக்கிறார் என்றாலும், முதன்மையாக ராப் பாடியவர்களைப் பதிந்தவர். அவர் வீட்டு அறையில் பாடியவர்களின் கதையும் இதில் சேர்ந்தே வரும். பிரித்துச் சொல்ல முடியாது.

எந்தத் தெற்கு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தென் அமெரிக்கக் கண்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ராப் உலகத்தில் 'தெற்கு' என்றால் அமெரிக்காவின் தென் மாநிலங்கள்: டெக்சாஸ், லூசியானா, டென்னசி, ஜார்ஜியா, ஃப்ளோரிடா, அப்புறம் அக்கம்பக்கம்.

ஹிப்-ஹாப் 1973இல் நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதியில் பிறந்தது என்பார்கள். எண்பதுகளின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் எழுந்து நின்றது. அதன் பிறகு பல வருடங்கள் கிழக்கா மேற்கா என்பதுதான் சண்டையே. தெற்கு அந்தச் சண்டைக்குக்கூட அழைக்கப்படவில்லை. தெற்கத்திக்காரர்கள் இழுத்து இழுத்துப் பேசுவார்கள். நியூயார்க்காரர்கள் காதுக்கு அது பட்டிக்காட்டுப் பேச்சு. 1995இல் நியூயார்க்கில் நடந்த, சோர்ஸ் என்ற ராப் பத்திரிகையின் விருது விழாவில் அட்லாண்டாவைச் சேர்ந்த அவுட்காஸ்ட் குழுவுக்குப் பரிசு அறிவித்ததும் அரங்கத்திலிருந்து கூச்சல் எழுந்தது. தெற்குக்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்று மேடையில் நின்று சொல்லிவிட்டு இறங்கினார் அந்தக் குழுவின் ஆண்ட்ரே. தெற்கத்தி ராப் பற்றி யார் எழுதினாலும் இந்தக் காட்சி வந்துவிடும். எனக்கும் தப்பிக்க வழியில்லை.

ஆனால் அந்த மேடைக்கு வராதவர்கள்தான் தெற்கில் அதிகம். மெம்ஃபிஸ் நகரத்தில் டீஜே பால், ஜூஸி ஜே, டாமி ரைட் தி தேர்ட் போன்றவர்கள் வீட்டிலேயே கேசட் பதிந்து கைக்குக் கை விற்றுக்கொண்டிருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் தெருவுக்கு ஒரு சின்னக் கம்பெனி. கார் டிக்கியைத் திறந்தால் கடை, மூடினால் கடை கட்டியாயிற்று. தெற்கத்தி ராப் வளர்ந்தது பெரும்பாலும் இப்படித்தான்.

அண்டர்கிரவுண்ட் என்பது எந்தக் கணக்கு?

'அண்டர்கிரவுண்ட்' என்ற சொல்லைக் கேட்டால் ஒளிந்து வாழ்வது, யாருக்கும் தெரியாமல் இருப்பது என்று தோன்றும். ஸ்க்ரூவை ஹூஸ்டனின் தென்பகுதியில் தெரியாதவர்கள் கிடையாது. பிறகு ஏன் இந்தப் பெயர்?

1991இல் பில்போர்டு பத்திரிகை தன் தரவரிசைக்கு சவுண்ட்ஸ்கேன் என்ற முறையைக் கொண்டுவந்தது. கடைக் கல்லாவில் ஒரு ஆல்பத்தின் பார்கோடு 'பீப்' என்று சத்தம் போட்டால்தான் அது ஒரு விற்பனை. பார்கோடு இல்லாத கேசட்டை வீட்டு வாசலில் எத்தனை ஆயிரம் விற்றாலும் தரவரிசைக்கு அது பூஜ்ஜியம். தரவரிசையில் இல்லாவிட்டால் ரேடியோ கண்டுகொள்ளாது. ரேடியோ கண்டுகொள்ளாவிட்டால் பத்திரிகை எழுதாது. ஆக, ஒரு பாடகர் தன் நகரத்தில் ராஜாவாக இருந்துகொண்டே நாட்டின் கணக்குப் புத்தகத்தில் இல்லாமல் இருக்க முடியும். என்னைக் கேட்டால் அண்டர்கிரவுண்ட் என்பதற்கு இதுதான் சரியான பொருள்: விற்காத இசைக்கு அந்தப் பெயர் இல்லை, எண்ணப்படாத இசைக்குத்தான்.

சுயாதீன இசையும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். கொஞ்சம் வேறு. சுயாதீனம் என்பது இசை யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றியது. அண்டர்கிரவுண்ட் என்பது அது எந்த வழியாகக் கைமாறுகிறது என்பதைப் பற்றியது. ஸ்க்ரூ விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் கேசட்டுகளில் இருந்தவை பெரும்பாலும் மற்றவர்களின் பாட்டுகள், மற்றவர்களின் மெட்டுகள். யாரிடமும் உரிமை வாங்கவில்லை. பெரிய கடைகளில் அவற்றை வைக்க முடியாததற்கு அது ஒன்றே போதும்.

பிடிக்காத பாட்டுக்கு ஒரு கீறல்

ஸ்க்ரூவின் இயற்பெயர் ராபர்ட் ஏர்ல் டேவிஸ் ஜூனியர். பிறந்தது 1971 ஜூலை 20. ஊர் டெக்சாஸில் ஸ்மித்வில் என்ற சின்ன ஊர். அப்பா லாரி ஓட்டினார். அம்மாவிடம் ப்ளூஸ், சோல் இசைத்தட்டுகள் நிறைய இருந்தன. பையன் கை வைத்துப் பழகியது அவற்றில்தான். பிரேக் டான்ஸ் மோகம் அமெரிக்கா முழுக்க அடித்த 1984 வாக்கில் அவனுக்கும் டீஜே ஆகும் ஆசை பிடித்தது.

பெயர் வந்த கதை நன்றாக இருக்கும். தனக்குப் பிடிக்காத இசைத்தட்டு கையில் கிடைத்தால் ஒரு ஸ்க்ரூவை எடுத்து அதன்மேல் கீறிவிடுவாராம், இனி யாரும் அதைப் போடக் கூடாது என்று. அதைப் பார்த்த நண்பர், நீ என்ன பெரிய டீஜே ஸ்க்ரூவா என்று கிண்டலாகக் கேட்க, அதுவே நிலைத்துவிட்டது.

ஹூஸ்டனுக்கு வந்தார். படிப்பு ஒட்டவில்லை, இசைத்தட்டு ஒட்டிக்கொண்டது. 1990ஐ ஒட்டிய வருடங்களில் வேகத்தைக் குறைத்துப் போட ஆரம்பித்தார். முதல் தடவை எப்படி நடந்தது என்பதற்குப் பல கதைகள் உலாவுகின்றன. கை தவறி வேகத்தை மாற்றும் ஸ்லைடரைத் தள்ளிவிட்டார், அந்தச் சத்தம் பிடித்துவிட்டது என்பது அவற்றில் ஒன்று. மெதுவாகப் போடுவது அவர் ஒருவரின் கண்டுபிடிப்பும் கிடையாது. ஹூஸ்டனிலேயே டேரில் ஸ்காட் என்ற டீஜே எண்பதுகளில் அப்படிச் செய்துகொண்டிருந்தார். டெக்சாஸ் எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் மோன்தெர்ரே நகரத்தில், ஒரு கொண்டாட்டத்தில் சூடேறிப்போன டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் கருவி, தானாகவே மெதுவாகச் சுற்ற, கூட்டம் அதற்கும் ஆட, கும்பியா என்ற லத்தீன் அமெரிக்க ஆட்ட இசையில் மெதுவாக்கிய கும்பியா என்று ஒரு வகையே உருவாகியிருந்தது. ஸ்க்ரூ செய்தது, இந்த மெதுவை ஒரு முழுக் கலையாக ஆக்கியது.

அறைக்குள் என்ன நடந்தது

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் 'சாப்டு அண்ட் ஸ்க்ரூட்' என்பார்கள். சாப்டு என்றால் நறுக்கியது. ஸ்க்ரூட் என்றால் ஸ்க்ரூ கைபட்டது, அதாவது மெதுவாக்கியது. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

மெதுவாக்குவதை முதலில் பார்ப்போம். இசைத்தட்டோ கேசட்டோ மெதுவாகச் சுற்றினால் தாளம் மட்டும் குறையாது, சுருதியும் சேர்ந்து இறங்கும். நிமிடத்துக்கு 100 அடி விழுகிற ஒரு பாட்டை 20 சதவீதம் மெதுவாக்கினால் 80 அடி ஆகும். கூடவே குரல் கிட்டத்தட்ட நான்கு அரைச்சுரம் கீழே போகும். ஆர்மோனியத்தில் ஒரு விரலை வைத்துவிட்டு, கறுப்பு வெள்ளை எல்லாம் எண்ணி நான்கு கட்டை இடது பக்கம் தள்ளினால் எவ்வளவு இறக்கமோ அவ்வளவு. இளைஞனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசும் கிழவனின் குரலாகிறது. பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி இன்னும் அடிக்குப் போய் நெஞ்சில் இடிக்கிறது. யூடியூபில் 0.75 வேகம் என்று அழுத்திப் பார்த்தால் இது கிடைக்காது. அங்கே மென்பொருள் சுருதியைப் பிடித்து வைத்துக்கொண்டு தாளத்தை மட்டும் இழுக்கிறது. குரல் தடிக்காமல், தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

டீஜேக்கள் வைத்திருக்கும் டெக்னிக்ஸ் 1200 ரக டர்ன்டேபிளில் வேகத்தைக் குறைக்கும் ஸ்லைடர் 8 சதவீதம் வரைதான் இறங்கும். ஸ்க்ரூவுக்கு அது போதவில்லை. டர்ன்டேபிளில் கலந்து பதிந்ததை, வேகத்தை மாற்றும் வசதியுள்ள டேப் மெஷினில் இன்னும் இறக்கினார். ஆகவே ஸ்க்ரூ டேப்பில் எல்லாமே இழுபடும்: பாட்டு, நடுநடுவே ஸ்க்ரூ பேசும் பேச்சு, நண்பர்கள் சொல்லும் வணக்கம் எல்லாமே. அந்த டேப்பில் மட்டுமே அவரைக் கேட்ட ஒருவர் நேரில் பார்த்தால் குரலை அடையாளம் கண்டுகொள்ளச் சிரமப்பட்டிருப்பார்.

அடுத்தது நறுக்கல். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி. இரண்டு டர்ன்டேபிள். இரண்டாவது தட்டு முதல் தட்டுக்குச் சரியாக ஒரு தாள அடி பின்னால் ஓடும். நடுவில் இருக்கும் கிராஸ்ஃபேடர் என்ற குமிழை இந்தப் பக்கம் தள்ளினால் முதல் தட்டு கேட்கும், அந்தப் பக்கம் தள்ளினால் இரண்டாவது. ஒரு உதாரணத்துக்கு, 'வண்டி மெல்ல ஊர்ந்து போகுது' என்று நாலு அடியில் ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கு ஒரு சொல். முதல் இரண்டு அடி முதல் தட்டிலிருந்து வருகிறது: வண்டி, மெல்ல. மூன்றாவது அடி விழும்போது குமிழை அந்தப் பக்கம் தட்டுகிறார். இரண்டாவது தட்டு ஒரு அடி பின்னால் இருப்பதால் அங்கே இப்போதுதான் 'மெல்ல' வருகிறது. உடனே குமிழ் பழைய இடத்துக்கு. நம் காதில் விழுவது: வண்டி, மெல்ல, மெல்ல, போகுது. 'ஊர்ந்து' காணாமல் போயிற்று, 'மெல்ல' இரட்டிப்பானது, தாளம் ஒரு துளிகூடத் தடுக்கவில்லை.

கச்சேரியில் ஒரு வரியை நிரவல் செய்யும்போது, ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடி அதன் முகத்தை மாற்றுவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் இவர் கைவிரலால் செய்தார். எந்தச் சொல்லை நறுக்குவது, எதை விடுவது என்பதில்தான் ஆள் தெரிவது. முக்கியமான வரி வந்தால் தட்டையே பின்னால் இழுத்துத் திரும்ப ஓடவிடுவார். நீ இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டாய், மறுபடி கேள் என்று தோளைத் தட்டுகிற மாதிரி. பாடுகிறவன் என்ன சொல்கிறான் என்று கேட்பவனுக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான் மெதுவாக்குகிறேன் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நான் இதை நம்புகிறேன்.

சாம்பல் நிறக் கேசட்

ஆரம்பத்தில் இது வியாபாரமே கிடையாது. யாராவது ஒருவர் தனக்குப் பிடித்த பாட்டுகளின் பட்டியலோடு வருவார். அந்தப் பட்டியலை வைத்து ஸ்க்ரூ ஒரு கேசட் தயாரிப்பார். பிறந்தநாள், சிறையிலிருந்து நண்பன் வெளியே வருவது, செத்துப்போனவனின் நினைவு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். நம் ஊரில் கேசட் கடைக்கு வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போனவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியும். ஒரே வித்தியாசம், இங்கே பட்டியல் கொடுத்தவரே சில சமயம் மைக் பிடித்துப் பாடிவிட்டும் போவார். கேட்டவருக்கென்று செய்த கேசட்டின் பிரதி இன்னொருவர் கைக்குப் போனது, அங்கிருந்து பத்துப் பேருக்கு. பிறகு ஸ்க்ரூவே பிரதிகள் எடுத்து விற்க ஆரம்பித்தார். சாம்பல் நிற மேக்ஸெல் கேசட், மேலே கையால் எழுதிய பெயர், விலை பத்து டாலர்.

மாலையானால் வீட்டு வாசலில் கார்கள். ஆள் வருவதும், காசு கொடுத்து ஏதோ வாங்கிக்கொண்டு உடனே கிளம்புவதுமாக இருந்ததைப் பார்த்து, உள்ளே போதைப்பொருள் வியாபாரம் நடக்கிறது என்று போலீஸ் சந்தேகப்பட்டது. உள்ளே இருந்தவை கேசட்டுகள். 1998இல் கல்லன் பூல்வர்டு சாலையில் 'ஸ்க்ரூட் அப் ரெக்கார்ட்ஸ் அண்ட் டேப்ஸ்' என்று கடை போட்டார். அந்தக் கடையில் வேறு எவருடைய ஆல்பமும் கிடைக்காது. சிடி உலகத்தைப் பிடித்துவிட்ட காலத்திலும் அங்கே கேசட்தான் சரக்கு.

கேசட் எங்கே ஓடியது என்பதும் முக்கியம். காரில். ஹூஸ்டன் பரந்து கிடக்கிற ஊர். வண்டி இல்லாமல் அங்கே பிழைக்க முடியாது. கறுப்பின இளைஞர்கள் பழைய காடிலாக், பியூக் போன்ற படகு மாதிரியான கார்களை வாங்கி, மிட்டாய் நிறத்தில் பளபளவென்று பெயின்ட் அடித்து, சக்கரத்திலிருந்து கம்பிகள் முழ நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வீல்களைப் பொருத்தி, டிக்கி முழுக்க ஸ்பீக்கர் அடைத்து ஊரைச் சுற்றுவார்கள். 'ஸ்லாப்' என்று அந்த வண்டிகளுக்குப் பெயர். ஸ்லாப்பை வேகமாக ஓட்டினால் என்ன பிரயோஜனம்? யார் பார்ப்பது? தேர் மாதிரி அசைந்து போக வேண்டும். அந்த அசைவுக்குத் தோதான இசை ஸ்க்ரூ டேப்.

அந்த அறையில் பாடியவர்கள்

ராத்திரி முழுக்க நடக்கும் இந்தப் பதிவுகளுக்கு வந்துபோன ராப் பாடகர்களின் கூட்டத்துக்கு ஸ்க்ரூட் அப் கிளிக் என்று பெயர் வந்தது. ஃபேட் பேட், அவருடைய அண்ணன் பிக் ஹாக், லில் கீகி, பிக் மோ, பிக் போக்கி, யங்ஸ்டார், ஈ.எஸ்.ஜி., பின்னால் ஸீ-ரோ, லில் ஃப்ளிப் என்று நீளும். எழுதி வைத்துப் பாடுவது அங்கே குறைவு. மெட்டு ஓடும், மைக் கைமாறும், மனதில் வந்ததைப் பாட வேண்டும். எந்தத் தெருவில் வளர்ந்தேன், எந்த வண்டி வாங்கினேன், யார் செத்துப்போனார்கள்.

1996 ஜூன் 27 இரவு இதற்கு உச்சம். டீமோ என்ற நண்பரின் பிறந்தநாள். அவருக்காகப் பதிந்த டேப்பில் ஒரு மெட்டை ஓடவிட்டு ஒவ்வொருவராகப் பாட, அது 35 நிமிடத்தைத் தாண்டிப் போனது. மெட்டு கிரிஸ் கிராஸ் என்ற இருவர் குழுவுடையது. பேன்ட் சட்டையைப் பின்பக்கம் முன்னாகப் போட்டுக்கொண்டு வந்து குதித்த அந்தச் சிறுவர்களேதான். அவர்கள் பாட்டின் மெட்டு மெதுவாகி, ஹூஸ்டன் தென்பகுதியின் தேசிய கீதம் மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் பிறந்தநாளுக்குப் பண்ணிய டேப், இன்று அந்த ஊரில் ஜூன் 27 என்ற தேதியே ஒரு பண்டிகை.

ஸ்டார் ஆகப் போகிறவர்கள் மட்டும் அந்த டேப்புகளில் இல்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அக்கம்பக்கத்து ஆட்களும் பாடினார்கள். தேர்ட் வார்டு பகுதியிலிருந்து வந்த உயரமான இளைஞர் ஒருவர் 'பிக் ஃப்ளாய்ட்' என்ற பெயரில் சில டேப்புகளில் பாடியிருக்கிறார். 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் உயிர்விட்ட ஜார்ஜ் ஃப்ளாய்ட் அவர்தான். உலகமே அவர் கடைசியாகப் பேசியதைக் கேட்டது. அதற்கு இருபது வருடத்துக்கும் முன்னால், தன் தெருவைப் பற்றி அலட்டலாக, சந்தோஷமாக அவர் பாடியது ஒரு சாம்பல் நிறக் கேசட்டில் இருக்கிறது. எந்தப் பெரிய கம்பெனியும் அதைப் பதிந்திருக்காது.

அண்ணன் தம்பி கதைக்கு வருகிறேன். ஃபேட் பேட் பெயர் பேட்ரிக் ஹாக்கின்ஸ். பாடுவதில் சோம்பேறித்தனமான ஒரு சொகுசு இருக்கும். சிரித்துக்கொண்டே பாடுகிறாரோ என்று தோன்றும். ஹூஸ்டனிலிருந்து நாடு முழுக்கத் தெரியப்போகும் அடுத்த ஆள் இவர்தான் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1998 பிப்ரவரி 3 அன்று, தனக்கு வரவேண்டிய பணத்தை வாங்குவதற்காக ஒரு நிகழ்ச்சி அமைப்பாளரின் வீட்டுக்குப் போனவர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. முதல் ஆல்பம் அதற்குப் பிறகுதான் வெளிவந்தது. அடுத்த வருடம் லில் ட்ராய் வெளியிட்ட ஒரு பாட்டு அமெரிக்க ரேடியோக்களில் பரவலாக ஓடியது. அதில் பேட்டின் குரலும் இருந்தது. நாடு முதன்முதலாக அவரைக் கேட்டபோது அவர் மண்ணுக்குள் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

அண்ணன் ஹாக் தொடர்ந்து பாடினார். தடித்த, நிதானமான குரல். சொற்களை ஆணி அடிப்பதுபோல வைப்பார். 2000இல் தனி ஆல்பம், 2002இல் இன்னொன்று. 2006 மே 1 அன்று டொமினோ ஆடுவதற்காக நண்பர் வீட்டுக்குப் போன இடத்தில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 36. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். கணக்கில் வராமல் வாழ்ந்தவர்கள் ஊதியத்தை நேரில் போய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. பேட்டின் விஷயத்தில் அதுவே எமனாக முடிந்தது. அண்டர்கிரவுண்ட் என்பதை வீரமாக மட்டும் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிரப்

இந்த விஷயத்தைத் தவிர்த்துவிட்டு ஸ்க்ரூவைப் பற்றிப் பேச முடியாது. கோடீன் கலந்த இருமல் மருந்தைக் குளிர்பானத்தில் ஊற்றிக் குடிப்பது அந்தக் காலத்து ஹூஸ்டனில் பரவியிருந்தது. சிரப் என்றும் லீன் என்றும் சொல்வார்கள். மூச்சை மந்தமாக்கி ஆளைக் கொல்லும் சரக்கு. பாட்டுகளில் அதைப் புகழ்ந்து பாடினார்கள்; பிக் மோ தன் 2000ஆம் ஆண்டு ஆல்பத்துக்கே சிரப் நகரம் என்ற பொருளில் பெயர் வைத்தார்.

2000 நவம்பர் 16 அன்று ஸ்க்ரூ தன் ஸ்டூடியோவில் இறந்து கிடந்தார். 29 வயது. கோடீனும் வேறு போதைப்பொருள்களும் உடம்பில் இருந்ததாகப் பரிசோதனை சொன்னது. பிக் மோ 2007 அக்டோபரில் மாரடைப்பில் போனார், 33 வயது. அதே வருடம் டிசம்பரில், டெக்சாஸின் போர்ட் ஆர்தர் ஊரைச் சேர்ந்த பிம்ப் சி, தெற்கத்தி ராப்பின் பெரிய பெயர்களில் ஒருவர், ஹோட்டல் அறையில் இறந்தார். காரணத்தில் அங்கேயும் அந்த மருந்து இருந்தது.

இதனால் இந்த இசையே போதையில் கேட்பதற்கென்று செய்தது என்ற பேச்சு நிலைத்துவிட்டது. ஸ்க்ரூ இதை ஒத்துக்கொள்ளவில்லை. எந்தப் பழக்கமும் இல்லாதவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள் எல்லாரும் என் டேப்பை வாங்குகிறார்கள் என்பார். வெறும் காபியோடு கேட்ட என் அனுபவமும் அதையே சொல்கிறது. ஆனால் அந்த அறைக்கும் அந்தக் கோப்பைக்கும் சம்பந்தமே இல்லை என்று அவருடைய ரசிகர்கள் சிலர் வாதாடுவதையும் ஏற்க முடியவில்லை. ஆளையே கொண்டுபோயிருக்கிறதே.

அப்புறம் நடந்தவை

ஸ்க்ரூ போன நாலைந்து வருடத்தில் ஹூஸ்டன் வெடித்தது. ஊரின் வடபகுதியில் மைக்கேல் வாட்ஸ் தொடங்கிய ஸ்விஷாஹவுஸ் என்ற கம்பெனி, ஸ்க்ரூ பாணியைக் கையில் எடுத்து வளர்த்திருந்தது. அங்கிருந்து வந்த மைக் ஜோன்ஸ், பால் வால், சமிலியனேர் ஆகியோர் 2005, 2006இல் அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்டார்கள். பால் வாலின் ஆல்பம் 2005இல் பில்போர்டில் முதலிடம். மெதுவாக்கிய குரல், ஸ்லாப் வண்டி எல்லாம் டிவியில் வந்தன. தென்பகுதிக்காரர்களுக்கு அதில் பெருமையும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது.

ஹூஸ்டனில் பிறந்த பியான்சே தன் குரலையே ஸ்க்ரூ பாணியில் இறக்கி 2013இல் ஒரு பாட்டு விட்டார். நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த எய்சாப் ராக்கி தன் ஆரம்பப் பாட்டுகளில் ஹூஸ்டன்காரர் மாதிரியே ஒலித்தார். ஒரு காலத்தில் தெற்கின் பேச்சைக் கேட்டுக் கூச்சல் போட்ட ஊர் அது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 2017இல் ஆஸ்கர் வாங்கிய 'மூன்லைட்' படத்துக்கு இசையமைத்த நிக்கலஸ் பிரிட்டெல், ஆர்கெஸ்ட்ரா வயலினையே ஸ்க்ரூ முறையில் மெதுவாக்கியிருக்கிறார். ஸ்க்ரூ வைத்திருந்த இசைத்தட்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவர் விட்டுப்போன டேப்புகள் 300க்கும் மேல். ஸீ-ரோ இன்றும் பாடுகிறார். ஜூன் 27 டேப்பில் பாடிய பிக் போக்கி 2023 ஜூனில் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார்.

எங்கே ஆரம்பிப்பது?

முறையாக வெளியான 1995 ஆல்பம் 'த்ரீ இன் த மார்னின்' இரண்டாம் பாகத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஒலித்தரம் சுத்தமாக இருக்கும், ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அது பிடித்தால் ஜூன் 27க்குப் போங்கள். அதில் கேசட்டின் இரைச்சல் இருக்கும், பின்னால் யாரோ சிரிப்பது கேட்கும். அதெல்லாம் சேர்ந்ததுதான் சரக்கு.

ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். இந்த இசையில் பாதி, அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எட்ட முடியாத ஆழத்தில் இருக்கிறது. கார் இருந்தால் கார், இல்லாவிட்டால் நல்ல ஹெட்ஃபோன். முதல் ஐந்து நிமிடம் ஃபோன் ஹேங் ஆகிவிட்டதோ என்று கை துறுதுறுக்கும். தொடாமல் இருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் காது அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து உட்காரும். முழு டேப்பும் முடிந்தபின், வழக்கமான வேகத்தில் உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். எல்லாரும் கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி இருக்கும்.